கடலில் ஒரு கால், காரியாலயத்தில் ஒரு கால்

உத்தியோகம் பார்க்க ஓர் இடம், இளைப்பாற ஓர் இடம் என்று மனிதன் பிரித்து வைத்து வெகு காலமாகிறது. காரியாலயத்தில் பாயை விரித்துப் படுப்பவனை முதலாளிக்குப் பிடிப்பதில்லை. கலியாணப் பந்தியில் உட்கார்ந்து கணக்குப் புத்தகத்தைப் பிரிப்பவனைப் பந்துக்களுக்குப் பிடிப்பதில்லை. இந்த இரண்டுக்கும் நடுவே இருந்த வேலியைச் சமீப காலத்தில் சிலர் பிடுங்கி எறிந்துவிட்டார்கள். கடல் சூழ்ந்த தீவு ஒன்றில் குடும்பத்தோடு போய் இறங்குவது. அறையில் உட்கார்ந்து மடிக்கணினியில் கம்பெனி வேலையைப் பார்ப்பது. மிச்ச நேரத்தில் கடலில் குளிப்பது. மாதம் முடிந்ததும் சம்பளத்தையும் குறைவில்லாமல் வாங்கிக்கொள்வது. ஆங்கிலத்தில் வேலை என்ற சொல்லின் தலையையும் விடுமுறை என்ற சொல்லின் வாலையும் ஒட்டி இதற்கு ‘வொர்க்கேஷன்’ என்று நாமகரணம் செய்திருக்கிறார்கள்.

தமிழில் இதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டோம். ஒரு பெண் எழுந்து, “வேலைமுறை” என்றாள். ‘வேலை’யை முழுசாக எடுத்துக்கொண்டு, ‘விடுமுறை’யின் பின்பாதியை அதன் பின்னால் ஒட்டிவிட்டாள். வகுப்பு முழுவதும் சிரித்தது, நாமும் சிரித்தோம். ஆனால் பிறகு யோசித்துப் பார்த்தபோது, அந்தக் குழந்தை அறியாமலே விஷயத்தின் முடிச்சை அவிழ்த்துவிட்டாள் என்று தோன்றிற்று. ‘விடுமுறை’யிலிருந்து அவள் கழற்றிப் போட்டது எது? ‘விடு’ என்பதைத்தான்! வேலையும் இருக்கிறது, முறையும் இருக்கிறது; விடுவது ஒன்றுதான் இல்லை.

பெயர் எதுவானாலும் ஆகட்டும். வழக்கம் வந்த வழியை முதலில் பார்ப்போம். 2020-ஆம் வருஷம் கொரோனா நோய் பரவி, தேசம் தேசமாகக் கதவடைத்தபோது காரியாலயங்களும் மூடப்பட்டன. எழுத்து வேலை, கணக்கு வேலை, கணினி வேலை செய்கிறவர்கள் வீட்டிலிருந்தே அவற்றைச் செய்யலானார்கள். அதனால் வேலை ஒன்றும் கெட்டுப் போய்விடவில்லை என்று முதலாளிகளும் கண்டுகொண்டார்கள். வீட்டிலிருந்து செய்யும் வேலையை வேறோர் ஊரிலிருந்து செய்தால் என்ன என்ற கேள்வி அப்போது பிறந்தது. அதே சமயத்தில், பிரயாணிகளின் பணத்தையே நம்பியிருந்த தீவுகள் வருமானமின்றித் தவித்துக்கொண்டிருந்தன. மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான பார்படோஸ், அவ்வருஷத்தின் நடுவிலேயே, “எங்கள் தீவில் வந்து பன்னிரண்டு மாதம் தங்குங்கள், உங்கள் ஊர்க் கம்பெனிக்கே வேலை செய்யுங்கள்” என்று அழைத்து, அதற்கென்று ஓர் அனுமதிச் சீட்டும் ஏற்படுத்தியது. இந்து மகா சமுத்திரத்திலுள்ள மொரீஷியஸ், அந்த வருஷம் முடிவதற்குள் அதே மாதிரி ஓர் அனுமதியை வழங்கத் தொடங்கியது.

நம் தேசத்தில் இதற்கு வழி திறந்தது ஒரு கம்பி. சென்னையிலிருந்து அந்தமான் தலைநகருக்கும், அங்கிருந்து சுற்றுப்புறத் தீவுகளுக்குமாக, ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கண்ணாடி இழைக் கம்பியைக் கடலடியில் இட்டிருக்கிறார்கள். 2018 டிசம்பர் 30-ந் தேதி அதற்கு அஸ்திவாரம் போடப்பட்டது. 2020 ஆகஸ்டு 10-ந் தேதி அது திறந்துவைக்கப்பட்டது. அதற்கு முன் அந்தமானிலிருந்து அனுப்பும் செய்தி, பூமிக்கு மேல் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள செயற்கைக் கோளுக்கு ஏறி, மறுபடி இறங்கி வரவேண்டும். ஒரு படத்தை அனுப்பிவிட்டு ஒரு காப்பி குடித்துவிட்டு வரலாம். இப்போதோ கடலடியில் ஒளி ஓடுகிறது. அந்தமானில் பேசுவது அடுத்த அறையில் பேசுவது போலக் கேட்கிறது. 2024 ஜனவரியில் கொச்சியிலிருந்து லட்சத்தீவுகளுக்கும் இவ்விதக் கம்பி வந்துவிட்டது.

இந்தக் கம்பியினால் தீவு வாசிகளுக்கு விளைந்திருக்கும் நன்மையை நாம் குறைத்துச் சொல்ல வரவில்லை. தீவிலுள்ள மாணவன் கல்லூரிப் பாடத்தைக் கேட்கவும், நோயாளியின் படத்தைச் சென்னை வைத்தியர் பார்க்கவும் அது வழி செய்கிறது. அது மட்டுமல்ல, வேலையோடு பிரயாணம் செய்வதிலும் நியாயமான சௌகரியங்கள் உண்டு. பட்டணத்தில் குடித்தனம் நடத்தும் பிள்ளை, உத்தியோகத்தை விடாமல் ஒரு மாதம் சொந்த ஊரில் வந்து தாயாரோடு இருக்க முடிகிறது. மூச்சிரைப்பு உள்ள குழந்தையைப் புகையும் தூசியும் இல்லாத இடத்தில் சில வாரம் வைத்திருக்க முடிகிறது. இவற்றையெல்லாம் வேண்டாமென்று யார் சொல்வார்கள்? நம் கேள்வி வேறு. இவ்விதம் போய்விட்டு வருவதை விடுமுறை என்ற கணக்கில் எழுதலாமா, கூடாதா என்பதே கேள்வி.

நம்மிடம் படித்த பையன் ஒருவன் திருப்பூரில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறான். இந்த உத்தியோகத்தை அறியாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: அயல்நாட்டில் சட்டை வாங்குகிறவர்களுக்கும் இங்கே சட்டை தைக்கிறவர்களுக்கும் நடுவில் நின்று, நூல், துணி, சாயம், பொத்தான், கப்பல் தேதி ஆகிய எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டியவன் அவன். தேசத்தின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் நம் திருப்பூர்ப் பக்கத்திலிருந்து போகிறதென்றால், அதில் ஒவ்வொரு சட்டையும் இப்படி ஒருவனுடைய தூக்கத்தில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டுதான் கப்பலேறுகிறது.

சென்ற டிசம்பரில், பிள்ளைகளின் அரையாண்டுப் பரீட்சை முடிந்ததும், மனைவி, இரண்டு குழந்தைகள், தாயார் சகிதம் அந்தமானிலுள்ள ஸ்வராஜ் தீவில் பத்து நாள் இருந்துவிட்டு வந்தான். சேவூருக்கு வந்தவன் நம்மையும் பார்க்க வந்தான்.

“எத்தனை நாள் லீவு போட்டாய்?” என்று கேட்டோம்.

“ஒரு நாள்கூடப் போடலீங்க சார். அதுதானுங்க இதுல விசேஷமே! லேப்டாப்பைத் தூக்கிட்டுப் போய்ட்டேன். லீவு அத்தனையும் மிச்சமுங்க.”

“பேஷ்! கடல் எப்படி?”

“நல்லா இருந்துதுங்க...” என்று இழுத்தான். பிறகு சிறிது நேரம் சென்று, “காலையில மட்டும் நல்லா இருந்துதுங்க” என்றான்.

அவன் சொன்னதைக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். கணக்குச் சுவாரஸ்யமாகவே இருந்தது. அந்தமான் நமக்கு வெகு கிழக்கே இருக்கிறது. ஆனால் தேசம் முழுவதற்கும் ஒரே கடிகாரம். ஆகையால் கடிகாரம் காட்டும் நேரத்துக்கு முக்கால் மணியளவு முன்னாலேயே அங்கே சூரியன் தன் வேலையை முடித்துக்கொள்கிறது. டிசம்பர் மாதத்தில் காலை ஐந்தரை மணி சுமாருக்கு உதயம். மாலை ஐந்து மணிக்கெல்லாம் அஸ்தமனம். கம்பெனியில் எட்டரை மணிக்கு வேலை தொடங்கும். தொடங்கியவுடன் கட்டிங் மாஸ்டரிடமிருந்து கைப்பேசி மணி அடிக்கும். இது ஒரு முனை. மறு முனையில், ஜெர்மனியில் சட்டை வாங்குகிறவர் காலை ஒன்பது மணிக்குத் தம் காரியாலயத்தில் உட்காரும்போது குளிர்காலத்தில் நமக்குப் பகல் ஒன்றரை மணி. அவர் ஐந்து மணிக்கு எழுந்து வீட்டுக்குப் போகும்போது நமக்கு இரவு ஒன்பதரை. ஆகவே திருப்பூர் எட்டரைக்குப் பிடித்துக்கொள்கிறது. ஜெர்மனி ஒன்பதரைக்குத்தான் விடுகிறது. ஸ்வராஜ் தீவில் அவனுக்கென்று மிஞ்சியது உதயத்திலிருந்து மூன்று மணி நேரம்.

அந்தத் தீவின் மேற்குக் கரையில் ராதாநகர் என்ற கடற்கரை இருக்கிறது. 2004-இல் ‘டைம்’ பத்திரிகை ஆசியாவிலேயே சிறந்த கடற்கரை என்று அதைப் புகழ்ந்தது. அங்கே அஸ்தமனத்தைப் பார்ப்பதற்கென்றே ஜனங்கள் போகிறார்கள். நம் பையன் தங்கிய விடுதியோ கிழக்குக் கரையில். மாலை ஐந்து மணி என்பது ஜெர்மானியர் பகல் சாப்பாட்டுக்கு முன் விவரமாகப் பேசும் நேரம். பத்து நாளில் எட்டு நாள், பாட்டியும் அம்மாவும் குழந்தைகளும் ராதாநகருக்குப் போனார்கள். அப்பா அறையில் இருந்தார். ஒன்பது வயதுப் பிள்ளை தாயாரின் கைப்பேசியில் சூரியனைப் படம் பிடித்து அப்பாவுக்கு அனுப்பினானாம்.

“சூரியன் கடலுக்குள்ள எறங்கறதைப் போன்லதானுங்க பார்த்தேன். அதுக்கு சேவூர்லயே இருந்திருக்கலாமுங்க” என்று சொல்லிச் சிரித்தான். “வேலையும் முழுசாப் பார்த்த மாதிரி இல்லீங்க, ஊர் சுத்துன மாதிரியும் இல்லீங்க. ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்னு ஆயிப்போச்சுங்க.”

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். மடிக்கணினி என்ற ஒன்று வரப்போவதை எண்ணித்தான் சொன்னார்களோ, என்னவோ!

அவன் ஒருவனுடைய கதையை வைத்து எல்லாவற்றையும் தீர்மானிக்கக் கூடாதுதான். தன் நேரத்தைத் தானே வகுத்துக்கொள்ளக்கூடிய தொழில் உள்ளவர்கள், உதாரணமாகப் புத்தகம் எழுதுகிறவர்கள், சித்திரம் வரைகிறவர்கள், வேலையை முடித்துக் கொடுத்தால் போதும் என்ற ஒப்பந்தக்காரர்கள், தீவிலிருந்து சுகமாகவே வேலை செய்யக்கூடும். ஆனால் பிறருடைய கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டவன் எந்தத் தீவுக்குப் போனாலும் அந்தக் கடிகாரத்தையும் சுமந்துகொண்டுதான் போகிறான். அவன் வாடகை கொடுத்து மாற்றிக்கொள்வது ஜன்னலுக்கு வெளியே தெரியும் காட்சி ஒன்றைத்தான்.

இங்கே இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். வேலையைக் கூடவே எடுத்துக்கொண்டு போகும் இந்த முறையைக் கண்டுபிடித்தவர்கள் மேல்நாட்டுக் கணினிக்காரர்கள் அல்ல. நம் வீட்டுப் பெண்மணிகள். குடும்பம் உதகமண்டலத்துக்குப் போனாலும், குலதெய்வக் கோயிலுக்குப் போனாலும், மாமனார் ஊருக்குப் போனாலும் அவர்களுடைய வேலை முன்னதாகவே அங்கே போய்க் காத்துக்கொண்டிருக்கும். நம் பையனின் தாயாருக்கு வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. ஆகையால் அடுப்பங்கரையோடு கூடிய ஜாகையாகப் பார்த்து அமர்த்தியிருந்தான். அடுப்பு இருந்தால் அதன் முன்னால் யார் நின்றிருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. கணவன் பத்து நாளில் எட்டு அஸ்தமனங்களை இழந்தான் என்று நாம் இரங்குகிறோம். மனைவி பத்து நாளில் எத்தனை உதயங்களைத் தோசைக் கல்லுக்கு முன்னால் கழித்தாள் என்று அவனும் கணக்கு வைக்கவில்லை, கேட்கவும் நமக்குத் தோன்றுவதில்லை. உபாத்தியாயர்களும் ஒருவகையில் இந்த ஜாதிதான். விடைத்தாள் கட்டும் சிவப்பு மைப் பேனாவும் இல்லாமல் அரையாண்டு விடுமுறையைக் கழித்த உபாத்தியாயரை நாம் அறியோம்.

தீவு என்ற சொல்லுக்கும் வேலை என்ற சொல்லுக்கும் உள்ள பழைய உறவையும் இங்கே நினைத்துப் பார்ப்பது நல்லது. நம் பாட்டனார் காலத்தில் ‘தீவாந்தரம்’ என்றால் உல்லாசப் பிரயாணம் அல்ல, தண்டனை. அந்தமானில் 1896-இல் கட்டத் தொடங்கி 1906-இல் முடித்த சிற்றறைச் சிறையில் தேசபக்தர்கள் அடைக்கப்பட்டார்கள். நாளொன்றுக்கு இவ்வளவு எண்ணெய் என்று அளவு வைத்து அவர்களைச் செக்கில் பூட்டினார்கள்; தேங்காய் மட்டையை அடித்து நார் எடுக்கச் சொன்னார்கள். சுற்றிலும் அதே நீலக் கடல்தான் இருந்தது. ஆனால் ஓய்வு இல்லை.

அந்தமானுக்குப் போகாமலே அந்தத் தண்டனையின் ருசியை அறிந்தவர் ஒருவர் நம் கோயம்புத்தூர்ச் சிறையில் இருந்தார். 1908-ஆம் வருஷம் பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பள உயர்வோடுகூட அவர்கள் கேட்டது என்ன தெரியுமா? வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளையும் ஸ்ரீ சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றார்கள். வேலைநிறுத்தம் ஜெயித்தது, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடைத்தது. சில நாட்களுக்குள் இருவரும் கைதானார்கள். பிள்ளையவர்களுக்கு ஆயுள் முழுதும் தீவாந்தரம் என்று கோர்ட்டில் தீர்ப்பாயிற்று. அப்பீலில் தண்டனை குறைந்தது. அவர் அந்தமானுக்கு அனுப்பப்படவில்லை. கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கிழுத்தார். பிறருக்கு ஓய்வு நாள் வாங்கிக் கொடுத்தவருக்குக் கிடைத்த பரிசு அது. ஞாயிற்றுக்கிழமை காலை கொஞ்சம் அதிகமாகத் தூங்கி எழுகிறவர்கள் அந்தச் செக்கை ஒரு தடவை நினைத்துக்கொண்டால் தவறில்லை.

நம்மவர்கள் கூலிகளாகப் போன மொரீஷியஸின் கதையும் இதற்கு இளைத்ததல்ல. 1834 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் அங்கே கரும்புத் தோட்ட வேலைக்குப் போனார்கள். அவர்களில் தமிழர்களும் கணிசமாக உண்டு. அந்நாட்டு நோட்டில் இன்றும் தமிழ் எழுத்து இருக்கிறது, தைப்பூசக் காவடிக்கு அரசாங்க விடுமுறையும் இருக்கிறது. அந்தத் தோட்டங்களில் ‘இரட்டை வெட்டு’ என்று ஓர் ஏற்பாடு இருந்தது. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலி வெட்டு! காய்ச்சலில் படுத்தவனும் கணக்கில் கடனாளி ஆனான். அதே தீவு இப்போது, “வேலையோடு வாருங்கள், ஒரு வருஷம் இருங்கள்” என்று மடிக்கணினிக்காரர்களுக்கு அழைப்பு அனுப்புகிறது. காலம் மாறித்தான் இருக்கிறது, சந்தோஷம். ஆனால் விடுமுறை என்பது எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பண்டம் என்பதை மறந்துவிட்டால், அதைச் சுலபமாகக் கைநழுவ விட்டுவிடுவோம்.

கைநழுவ விடுவது என்று ஏன் சொல்கிறோம்? 1936-இல் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் சம்பளத்துடன் கூடிய வருஷாந்தர விடுமுறை பற்றி ஓர் உடன்படிக்கை வகுத்தது. அதில் ஒரு விதி நம் கவனத்துக்குரியது. தொழிலாளியே மனமொப்பித் தன் வருஷாந்தர விடுமுறை உரிமையைக் கைவிடுவதாக எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது என்பதே அந்த விதி. விடுமுறை என்பது விற்கவும் அடகு வைக்கவும் கூடிய சொத்தல்ல என்று அதை வகுத்தவர்கள் கருதியிருக்கிறார்கள். நம் தேசத்தில் 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், வருஷத்தில் 240 நாள் வேலை செய்த தொழிலாளிக்கு, வேலை செய்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள் வீதம் சம்பளத்துடன் ரஜா உண்டு என்று விதித்தது. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அந்த 240-ஐ 180 ஆகக் குறைத்திருக்கிறது. இருபதுக்கு ஒன்று என்ற கணக்கு அப்படியே இருக்கிறது.

“லீவு அத்தனையும் மிச்சமுங்க” என்றானே நம் பையன், அந்த மிச்சம் யாருக்கு மிச்சம்? பத்து நாள் அவன் வேலை செய்தான், கம்பெனிக்கு நஷ்டமில்லை. அறை வாடகையும் விமானக் கட்டணமும் அவன் கையிலிருந்து போயின. ஓய்வும் கிடைக்கவில்லை. மிச்சமான ரஜாவை அடுத்த வருஷம் எடுப்பானா? அப்போதும் மடிக்கணினி இருக்கும், “எதற்கு வீணாக லீவு? எடுத்துக்கொண்டே போகலாமே!” என்ற யோசனையும் இருக்கும். இதைக் கம்பெனி கட்டாயப்படுத்திச் செய்யவில்லை. அவனே விரும்பிச் செய்தான். அதுதான் நமக்குக் கவலை தருகிறது. பலவந்தமாகப் பறித்தால் சண்டை போடலாம்; தானாகக் கொடுத்துவிட்டு வருகிறவனுக்கு யாரோடு சண்டை?

இனி, வேலையைத் தூக்கிக்கொண்டு எங்கும் போக முடியாதவர்களைப் பற்றி. விடியற்காலையில் சேவூர்க் கடைவீதியில் நின்று பார்த்தால், கம்பெனி வேன்களும் பஸ்களும் அவிநாசி வழியாகத் திருப்பூருக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போவதைக் காணலாம். டெய்லர், கைமடி, செக்கிங் பெண்கள், அயர்ன் போடுகிறவர்கள் எல்லோரும் அதில் போகிறார்கள். ஓவர்லாக் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு ராதாநகரில் உட்கார முடியுமா? ‘ஒன்றரை ஷிப்டு’ என்று அவர்கள் சாதாரணமாகச் சொல்வது பன்னிரண்டு மணி நேரம். அவர்களில் பலருக்குப் பீஸ் ரேட். தைத்த உருப்படிக்குக் காசு, தைக்காத நாளுக்கு ஒன்றுமில்லை. தீபாவளிக்குக் கம்பெனி பூட்டும் அந்தச் சில நாட்கள்தான் அவர்களுக்கு வருஷாந்தர விடுமுறை. அதுவும் போனஸ் பணத்தைக் கரைத்துத்தான் கழிகிறது. இருபது நாளுக்கு ஒரு நாள் என்று சட்டத்தில் இருப்பது தங்கள் சம்பளப் பட்டியலில் ஏன் இல்லை என்று கேட்க அவர்களில் அநேகருக்குத் தெரியாது. தெரிந்தவர்களுக்குத் துணிவு வருவதில்லை. படித்தவர்களாகிய நாம் நம் ரஜாவை நாமே அலட்சியம் செய்தால், “மெர்ச்சண்டைசரே லீவு எடுக்கவில்லை, உனக்கு என்ன லீவு?” என்று அவர்களைக் கேட்பது முதலாளிக்கு எளிதாகிவிடும். ஒருவர் விட்டுக் கொடுப்பது மற்றவருடைய பங்கையும் சேர்த்துத்தான்.

தீவிலும் இதே கதைதான். அங்கே நமக்குப் படகோட்டுகிறவர், அறை பெருக்குகிறவர், மீன் வறுத்துக் கொடுக்கிறவர் எல்லோரும் நம் விடுமுறைக் காலத்தில்தான் ஓய்வின்றி உழைக்கிறார்கள். 2011-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்குப்படி அந்தமான் நிக்கோபார் தீவுகளில் நூற்றுக்குச் சுமார் பதினைந்து பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். ஆகையால் அங்கே போகும் நம்மவர்கள் கணினியை மூடி வைத்துவிட்டு ஒரு மாலைப் பொழுது அவர்களோடு தமிழில் பேசிக்கொண்டிருந்தால், எந்த ஊரிலிருந்து, எப்போது, எதற்காக இங்கே வந்தீர்கள் என்று கேட்டால், நம் ஜனங்களின் சரித்திரத்தில் ஓர் அத்தியாயம் செலவில்லாமல் கிடைக்கும். அறைக்குள் இருப்பவனுக்கு அது கிடைக்காது.

நம் பையன் போன இடத்தின் பெயரை வாசகர்கள் கவனித்திருப்பார்கள். 1857-இல் நம் வீரர்களை அடக்கிய ஆங்கிலத் தளபதி ஹாவ்லக்கின் பெயரால் வழங்கிவந்த தீவு அது. நேதாஜி 1943 டிசம்பர் 30-ந் தேதி போர்ட் பிளேரில் கொடியேற்றியதன் எழுபத்தைந்தாம் ஆண்டு நிறைவில், 2018-இல், அதற்கு ஸ்வராஜ் தீவு என்று பெயர் சூட்டினார்கள். போர்ட் பிளேரும் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. பெயரளவில் எல்லாம் சுயராஜ்யம்தான். ஆனால் அங்கே போய் இறங்கியவனுக்குத் தன்னுடைய மாலை ஐந்து மணியின் மேல்கூட சுயராஜ்யம் இல்லையென்றால் என்ன செய்வது?

செய்ய வேண்டியது பிரமாதமான காரியம் ஒன்றுமில்லை. முதலாவது, பெயரை ஒழுங்காக வைப்பது. வேலை செய்யப் போகிறோமா, ஓய்வெடுக்கப் போகிறோமா என்று புறப்படுமுன் வீட்டில் எல்லோரும் அறியச் சொல்லிவிட வேண்டும். பத்து நாள் போவதானால் ஐந்து நாள் வேலை, ஐந்து நாள் ரஜா என்று பிரித்து, அந்த ஐந்து நாள் ரஜாவுக்கு எழுத்து மூலம் மனுக் கொடுத்து, தம் வேலையைப் பார்த்துக்கொள்ளும் சகாவின் பெயரையும் கம்பெனிக்குத் தெரிவித்துவிட வேண்டும். இரண்டாவது, வேலை நாளிலும் எத்தனை மணிக்கு மேல் பதில் சொல்வதில்லை என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். இது நடவாத காரியம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: பிரான்சு தேசத்தில் 2017 ஜனவரி முதல், ஐம்பதும் அதற்கு மேலும் சிப்பந்திகள் உள்ள கம்பெனிகள், வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை பற்றிச் சிப்பந்திகளின் பிரதிநிதிகளோடு பேச வேண்டுமென்று சட்டம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டு முதல், வேலை நேரத்துக்கு வெளியே வரும் நியாயமற்ற அழைப்புகளுக்குப் பதில் சொல்ல மறுக்கலாம். நம்மிடம் சட்டை வாங்குகிற தேசங்களில் பிரான்சும் ஒன்று. தங்கள் ஊர்ச் சிப்பந்திகளுக்கு உள்ள மரியாதை, சட்டை தைத்து அனுப்பும் ஊருக்கும் உண்டு என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்வது நம் ஏற்றுமதியாளர்களின் கடமை. மூன்றாவது, வீட்டுப் பெண்மணிக்கும் அதே ஐந்து நாள் ரஜா உண்டென்று தீர்மானம் செய்வது. அந்த ஐந்து நாளும் அடுப்பு மூடியிருக்கட்டும். அல்லது கணவன்மார் கையில் கரண்டி இருக்கட்டும்.

இதெல்லாம் செய்யத் தீவுக்குத்தான் போக வேண்டுமென்பதில்லை. சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல், கப்பலானால் ஏறத்தாழ மூன்று நாள் என்று பிரயாணம் செய்து, அங்கே கதவை மூடிக்கொண்டு கணினியைப் பார்ப்பதைவிட, நம் பக்கத்துக் கொடிவேரி அணையில் ஒரு முழு நாள் பிள்ளைகளோடு நனைந்து, பரிசலேறி, மீன் வறுவல் தின்றுவிட்டுத் திரும்புவது எத்தனையோ மேல். அங்கே கைப்பேசியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம். ஒன்றும் முழுகிப் போய்விடாது.

பனியன் கம்பெனி முதலாளிகளுக்கும் ஒரு விண்ணப்பம். கையில் கணினி இல்லாமல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் டெய்லருக்கும், பக்கத்தில் நின்று துணி எடுத்துக் கொடுக்கும் கைமடிப் பெண்ணுக்கும், சட்டம் சொல்லும் அந்த இருபதுக்கு ஒரு நாளைச் சம்பளத்தோடு கணக்குப் பார்த்துக் கொடுங்கள். அந்தமானுக்கு அவர்கள் போக மாட்டார்கள். கொடிவேரிக்குப் போவார்கள், அல்லது வீட்டுத் திண்ணையில் பகல் முழுவதும் தூங்குவார்கள். மறுநாள் வந்து தைக்கிற தையல் நேராக இருக்கும்.